ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும்: ஒரு பிட்சரின் வாழ்நாளை எந்தக் கணக்கில் அளப்பது?

"நோலன் ரையன் 5,714 பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கியவர். கிரெக் மேடக்ஸ் 3,371 பேரைத்தான். அப்புறம் ஏன் பலரும் மேடக்ஸை மேலே வைக்கிறார்கள்?" பேஸ்பால் பார்க்கத் தொடங்கும் எவரும் முதல் வருடத்திலேயே வந்து முட்டிக்கொள்ளும் கேள்வி இது. பதில் தேடிப் போனால் குழப்பம் கூடும். ஒரு இடத்தில் மொத்த எண்ணிக்கை இருக்கும், இன்னொரு இடத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை என்று இருக்கும், வேறோர் இடத்தில் ஸ்ட்ரைக்அவுட்டை வாக்கால் வகுத்த எண் இருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளை முதலிடத்தில் உட்கார வைக்கும்.

கிரிக்கெட் வழியாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பந்து எறிபவர் பிட்சர். பேட்டர் அடிக்கத் தவறும் பந்தும், அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் அவர் விட்டுவிடும் பந்தும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் வெளியே, அது ஸ்ட்ரைக்அவுட். கிட்டத்தட்ட போல்டு மாதிரி, ஃபீல்டர்களுக்கு அதில் வேலை இல்லை. ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே நான்கு பந்து போய், பேட்டர் அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டால் அவர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அது வாக். வைடுக்கு ஒரு ரன் கொடுத்தால் கணக்கு அதோடு முடிந்தது. இங்கே ஓர் ஆளையே பேஸில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம், அவர் எப்போது ரன்னாக மாறுவார் என்று தெரியாது.

இந்த இரண்டையும் வைத்து பிட்சரை அளப்பதற்குக் காரணம் உண்டு. 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் எழுதிய ஒரு கட்டுரை பேஸ்பால் உலகத்தைக் கொஞ்சம் உலுக்கியது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போகும் பந்து ஹிட் ஆகுமா (பேட்டர் அடித்துப் பேஸுக்குப் போய்விடுவாரா), அவுட் ஆகுமா என்பதில் பிட்சருக்கு நாம் நினைக்கிற அளவுக்குப் பிடி கிடையாது, அதில் ஃபீல்டர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்றார் அவர். அப்படியானால் பிட்சரின் கையில் மிஞ்சுவது ஸ்ட்ரைக்அவுட், வாக், சிக்ஸர் மாதிரி எல்லை தாண்டிப் போகும் ஹோம் ரன் என்ற மூன்றுதான். பிற்பாடு இந்த வாதத்தில் பல திருத்தங்கள் வந்துவிட்டன. அடித்தளம் மட்டும் இன்னும் அசையவில்லை.

## கணக்கிடம் என்ன கேட்கிறோம்?

எந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். பல ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அது மதிப்புக் கொடுக்கிறதா? எதால் வகுக்கிறது, அந்த வகுத்தி நியாயமானதா? ஒரு வாக்கால் போகும் ரன்னையும் ஒரு ஸ்ட்ரைக்அவுட்டால் மிச்சமாகும் ரன்னையும் சரியான விலையில் வைக்கிறதா? 1924-ல் எறிந்தவரையும் 2024-ல் எறிந்தவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் அது தாங்குமா? ஐந்தாவதாகச் சோம்பேறித்தனமான ஒரு கேள்வியும் உண்டு: கைபேசிக் கால்குலேட்டரிலேயே போட்டுவிட முடியுமா?

முதலில் ஆறு பேரின் வாழ்நாள் எண்கள். கடைசிக்கு முந்தைய பத்தி, சந்தித்த பேட்டர்களில் ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தது. கடைசிப் பத்தி, ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களை நீக்கிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி. இது குறைவாக இருந்தால் நல்லது.

| பிட்சர் | ஸ்ட்ரைக்அவுட் | வாக் | 9 இன்னிங்ஸுக்கு ஸ்ட்ரைக்அவுட் | 9 இன்னிங்ஸுக்கு வாக் | வகுத்த விகிதம் | சதவீத வித்தியாசம் | ரன் சராசரி |
|---|---|---|---|---|---|---|---|
| நோலன் ரையன் | 5,714 | 2,795 | 9.55 | 4.67 | 2.04 | 12.9 | 3.19 |
| ராண்டி ஜான்சன் | 4,875 | 1,497 | 10.61 | 3.26 | 3.26 | 19.8 | 3.29 |
| கிரெக் மேடக்ஸ் | 3,371 | 999 | 6.06 | 1.80 | 3.37 | 11.6 | 3.16 |
| பெட்ரோ மார்ட்டினெஸ் | 3,154 | 760 | 10.04 | 2.42 | 4.15 | 21.0 | 2.93 |
| கர்ட் ஷில்லிங் | 3,116 | 711 | 8.60 | 1.96 | 4.38 | 18.1 | 3.46 |
| டாம் கிளாவின் | 2,607 | 1,500 | 5.32 | 3.06 | 1.74 | 6.0 | 3.54 |

ஒவ்வொரு பத்தியாகக் கீழே இறங்கிப் பாருங்கள். முதலிடம் மாறிக்கொண்டே இருக்கும்.

## மொத்த எண்ணிக்கை

எளிமையில் இதை அடிக்க ஆளில்லை. கூட்டினால் போதும். தாக்குப்பிடித்ததற்கு முழு மரியாதையும் இங்கேதான் கிடைக்கிறது. ரையன் 1966-ல் முதல் ஆட்டம் ஆடி, 1993-ல் கடைசி ஆட்டம் ஆடினார். மொத்தம் 27 சீசன். ஒரு தோள்பட்டை அத்தனை காலம் அந்த வேகத்தைத் தாங்கியது என்பதே ஒரு திறமைதான். அதைச் சதவீதம் சொல்லாது.

ஆனால் மொத்த எண்ணிக்கையை நம்புகிறவர் அந்த வரிசையின் இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்அவுட்டில் ரையன் எல்லாக் காலத்துக்கும் முதலிடம். இரண்டாமவரான ராண்டி ஜான்சனைவிட 839 கூடுதல். வாக்கிலும் அவர்தான் எல்லாக் காலத்துக்கும் முதலிடம். அங்கே இரண்டாமவர் ஸ்டீவ் கார்ல்டன், 1,833. வித்தியாசம் 962. ஆக, புகழ் தந்த சாதனையைவிட யாரும் பேசாத சாதனையில்தான் அவர் அதிக தூரம் முன்னால் நிற்கிறார்! 1974-ல் 367 ஸ்ட்ரைக்அவுட், 202 வாக். 1977-ல் 341, 204. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் 200 வாக் கொடுத்தவர்கள் இரண்டு பேர்தான்: 1938-ல் 208 கொடுத்த பாப் ஃபெல்லர் ஒருவர், இரண்டு முறை கொடுத்த ரையன் இன்னொருவர்.

இதைச் சொன்னால் ரையன் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அவர்கள் பக்கத்திலும் வலுவான ஒரு வாதம் இருக்கிறது: ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ஹிட் 6.56 மட்டுமே. அவ்வளவு நீண்ட காலம் ஆடியவர்களில் அதைவிடக் குறைவு யாருக்கும் கிடையாது. ஹிட்டே இல்லாத ஆட்டங்கள் ஏழு. பேட்டர்கள் அவரை அடித்துப் பேஸுக்குப் போகவில்லை, நடந்துதான் போனார்கள்.

"யார் அதிக காலம் நின்றார், 3,000-ஐ யார் தாண்டினார்" என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மொத்த எண்ணிக்கையே போதும். "யார் நன்றாக எறிந்தார்" என்று கேட்டால் இது பாதிப் பதில்தான்.

## ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை

தொலைக்காட்சிக்குப் பிடித்த கணக்கு இது. பார்க்க நியாயமாக இருக்கும், ஆனால் வகுத்தியில் ஒரு ஓட்டை இருக்கிறது. இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட். அந்த மூன்று அவுட்டை எடுக்க எத்தனை பேட்டர்களைச் சந்தித்தார் என்பது இதில் வராது. ஒருவர் ஓர் இன்னிங்ஸில் நான்கு வாக், மூன்று ஹிட் கொடுத்து நான்கு ரன் விட்டுவிட்டு, எடுத்த மூன்று அவுட்டும் ஸ்ட்ரைக்அவுட் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணக்கு ஒன்பது இன்னிங்ஸுக்கு 27! சுத்தமாக மூன்று பேரை மட்டும் சந்தித்து மூவரையும் வீழ்த்தியவருக்கும் அதே 27தான்.

வாழ்நாள் அளவிலும் இது எட்டிப்பார்க்கிறது. ரையனின் 9.55, பெட்ரோவின் 10.04-க்குப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். பேட்டர் கணக்கில் போட்டால் ரையன் 25.3 சதவீதம், பெட்ரோ 27.7. இடைவெளி கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. ரையன் அதிகம் பேரை நடக்கவிட்டதால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அவருக்குக் கூடுதலாகப் பேட்டர்கள் கிடைத்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

சதவீதம் கிடைக்காத பழைய பதிவுகளுக்கும், ஒரே ஆளின் இரண்டு சீசன்களை அவசரமாக ஒப்பிடுவதற்கும் இது பரவாயில்லை. கடைசி ஒரு இன்னிங்ஸ் மட்டும் வந்து முழு வேகத்தில் எறிந்துவிட்டுப் போகும் ரிலீவரை, ஏழு இன்னிங்ஸ் தாங்க வேண்டிய ஸ்டார்ட்டரோடு இந்தக் கணக்கில் ஒப்பிடவே வேண்டாம்.

## வகுத்துப் பார்ப்பது

ஸ்ட்ரைக்அவுட்டை வாக்கால் வகு. இரண்டு என்றால் சுமார், மூன்று என்றால் நல்லது, நான்கைத் தாண்டினால் அபாரம். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அதனாலேயே இதற்கு ரசிகர்கள் அதிகம். எனக்கும் பல வருடம் இதுதான் பிடித்திருந்தது.

மனம் மாறியது 2014 சீசனைத் திரும்பிப் பார்த்தபோது. அந்த வருடம் மினசோட்டா அணியின் ஃபில் ஹியூஸ் 186 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 16 வாக். விகிதம் 11.63. ஒரு சீசனில் தகுதிக்கு வேண்டிய இன்னிங்ஸ் எறிந்தவர்களில் 1900-க்குப் பிறகு அதுவே உச்சம். அதே வருடம் கிளேட்டன் கெர்ஷா 239 ஸ்ட்ரைக்அவுட், 31 வாக், விகிதம் 7.71. சரி, யார் மேல்? ஹியூஸின் ரன் சராசரி 3.52. கெர்ஷாவுடையது 1.77, தன் லீக்கின் சிறந்த பிட்சர் விருதோடு, மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்து வாங்கிய வருடம் அது. வகுத்துப் பார்த்தால் ஹியூஸ் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார். ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

(ஹியூஸ் அந்த சீசனை 209 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டுமாக முடித்தார். 210 முழுமையானால் அவருக்கு ஐந்து லட்சம் டாலர் போனஸ். ஓர் அவுட் குறைவு. கடைசி நாட்களில் ரிலீவராக இறங்கி அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருந்தும் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.)

கோளாறு வகுத்தலிலேயே இருக்கிறது. கீழே இருக்கும் எண் சின்னதாகிவிட்டால் ஒன்றிரண்டு வாக் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் எகிறும், விழும். 100 ஸ்ட்ரைக்அவுட், 20 வாக் என்றால் விகிதம் 5. அதே இன்னிங்ஸில் 200 ஸ்ட்ரைக்அவுட், 50 வாக் என்றால் 4. இரண்டாமவர் கூடுதலாகக் கொடுத்தது 30 வாக். கூடுதலாக எடுத்தது 100 ஸ்ட்ரைக்அவுட். எந்த மேனேஜரைக் கேட்டாலும் இரண்டாமவரைத்தான் கூப்பிடுவார்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு: ஹோம் ரன். வாக் கொடுக்கக் கூடாது என்று எப்போதும் ஸ்ட்ரைக் எல்லைக்குள்ளேயே எறிகிறவரைப் பேட்டர் காத்திருந்து அடிக்கலாம். 3,000 ஸ்ட்ரைக்அவுட்டைத் தாண்டியும் வாக்கை 1,000-க்குள் நிறுத்திய முதல் ஆள் ஃபெர்கி ஜென்கின்ஸ்: 3,192-க்கு 997. அழகான விகிதம். அதே ஜென்கின்ஸ் கொடுத்த ஹோம் ரன் 484. எல்லாக் காலத்துப் பட்டியலிலும் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர். விகிதம் இதைப் பற்றி வாய் திறக்காது.

ஆனாலும் இதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இளம் பிட்சர் ஒருவருக்குப் பந்து கைக்கு அடங்குகிறதா என்று வருடா வருடம் பார்க்க இதைவிடச் சுலபமான கருவி இல்லை.

## கழித்துப் பார்ப்பது

ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழிப்பது. வகுத்தி இங்கே பேட்டர்கள், ஆகவே முன்பு பார்த்த ஓட்டை அடைபட்டுவிட்டது. சின்ன எண்ணால் வகுக்கும் ஆபத்தும் இல்லை. அட்டவணையில் பெட்ரோ 21.0, ஜான்சன் 19.8, ஷில்லிங் 18.1 என்று வரும் வரிசை என் மனதில் இருக்கும் வரிசையோடு ஒத்துப்போகிறது. நான் கையில் எடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கேயும் ஓர் இடம் உறுத்துகிறது: ரையன் 12.9, மேடக்ஸ் 11.6. மீண்டும் ரையன் மேலே! ஏன் என்றால், வெறுமனே கழிக்கும்போது ஒரு ஸ்ட்ரைக்அவுட்டின் லாபமும் ஒரு வாக்கின் நஷ்டமும் சமம் என்று வைத்துவிடுகிறோம். அது உண்மையில்லை. ஃபீல்டர்களை ஒதுக்கிவிட்டு பிட்சரை மட்டும் அளக்கும் சூத்திரத்தில், ஒரு ஹோம் ரன்னுக்கு 13, ஒரு வாக்குக்கு 3, ஒரு ஸ்ட்ரைக்அவுட்டுக்குக் கழிவாக 2 என்று எடை போடுகிறார்கள். அதாவது ஒரு வாக்கின் விலை ஒன்றரை ஸ்ட்ரைக்அவுட்.

அந்த விலையில் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கி, வாக்கை 3-ஆல் பெருக்கிக் கழித்து, நூறு பேட்டர்களுக்கு எவ்வளவு என்று பார்த்தால் பெட்ரோ 35.4, ஷில்லிங் 30.9, ஜான்சன் 30.8, மேடக்ஸ் 18.3, ரையன் 13.5, கிளாவின் 3.8. எண்கள் அவையேதான். விலையை மாற்றியதும் மேடக்ஸ் ரையனைத் தாண்டிவிட்டார். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் நேர்மையாக இருக்க விரும்பினால் வேண்டுமென்றே கொடுத்த வாக்குகளைத் தனியே எடுத்துவிடலாம். பலமான பேட்டரைத் தவிர்க்க மேனேஜர் சொல்லிக் கொடுப்பவை அவை, பிட்சரின் தவறில்லை. மேடக்ஸின் 999-ல் 177 அப்படிப்பட்டவை. 1997-ல் அவர் 232 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து கொடுத்த வாக்கே 20தான், அதிலும் ஆறு வேண்டுமென்றே கொடுத்தவை. ஆனால் இந்தக் கணக்கு முறையாகக் குறிக்கப்படுவது 1955-க்குப் பிறகுதான். அதற்கு முந்தையவர்களோடு ஒப்பிடும்போது இந்தச் சலுகையை ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது.

## காலத்தோடு சேர்த்துப் பார்ப்பது

ஒருவரின் சதவீதத்தை அவர் ஆடிய வருடத்து லீக் சராசரியோடு ஒப்பிடுவது. வேலை அதிகம், ஆனால் நூறு வருடத்துக் கணக்கைப் பேச வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

டாஸி வான்ஸ் என்றொருவர். 1924-ல் புரூக்ளின் அணிக்காக 262 ஸ்ட்ரைக்அவுட். இன்றைக்கு ஒரு நல்ல பிட்சர் எடுக்கக்கூடிய எண்தான். ஆனால் அந்த வருடம் அவருடைய லீக்கில் இரண்டாமிடம் பெற்ற பர்லி கிரைம்ஸ் எடுத்தது 135. மூன்றாமவர் 86. அந்த இருவரையும் கூட்டினாலும் வான்ஸை எட்டவில்லை. பேட்டர்கள் ஸ்ட்ரைக்அவுட் ஆவதை அவமானமாக நினைத்து மட்டையைக் குறுக்கிப் பிடித்துத் தொட்டாவது விட்ட காலம் அது. இப்போது ஹோம் ரன்னுக்குப் போய் ஸ்ட்ரைக்அவுட் ஆனால் யாரும் கவலைப்படுவதில்லை. 1980 வாக்கில் பேட்டர்களில் எட்டில் ஒருவர் ஸ்ட்ரைக்அவுட் ஆனார்; 2020-களில் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. வாக் மட்டும் எட்டு, ஒன்பது சதவீதத்தைச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதனால் வகுத்த விகிதத்துக்கும் ஒரு புதுச் சிக்கல். மேல் எண் காலத்தோடு ஏறுகிறது, கீழ் எண் நிற்கிறது. ஆகவே இன்றைய சாதாரண பிட்சருக்குக்கூட, அந்தக் காலத்து ஜாம்பவானைவிட நல்ல விகிதம் இருக்கும்.

ரையனுக்கு இந்த முறை உதவும். அவருடைய 25.3 சதவீதம் அவர் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத உயரம். மேடக்ஸின் 16.5 அவர் காலத்துச் சராசரிக்குப் பக்கத்தில்தான். ஆனால் மேடக்ஸின் வாக் 4.9 சதவீதம், சுற்றியிருந்தவர்களின் சராசரியில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. ரையனுக்கு அது 12.4. இன்னொன்று, மேடக்ஸ் எறிந்த 1990-களில் ஸ்கோர்கள் வானத்துக்குப் போயின, 3.16 என்ற ரன் சராசரியை அந்தக் காலத்தில் வைத்திருந்தது, ரையனின் 3.19-ஐவிடப் பெரிய காரியம்.

மறைந்திருக்கும் செலவு: லீக் சராசரி என்பதே யாரெல்லாம் அந்த லீக்கில் ஆட அனுமதிக்கப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவு மூடியிருந்தது. வான்ஸ் ஒப்பிடப்படும் சராசரியில் சாட்செல் பெய்ஜ் போன்ற கறுப்பினப் பிட்சர்கள் இல்லை. கறுப்பின ஆட்டக்காரர்களுக்காகத் தனியே நடந்த நீக்ரோ லீக் ஆட்டங்களின் எண்கள் மேஜர் லீக் பதிவில் சேர்க்கப்பட்டது 2024-ல்தான்; அந்தப் பதிவுகளில் விட்டுப்போன ஆட்டங்கள் நிறைய.

## எதை எப்போது எடுப்பது

சாதனைப் பட்டியல், 3,000 கிளப் பற்றிப் பேச்சு என்றால் மொத்த எண்ணிக்கை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு ஸ்டார்ட்டர்களை ஒப்பிட வேண்டுமென்றால் கழித்தல். ரையன் மாதிரி வாக் அதிகம் கொடுப்பவர் ஒரு பக்கம் இருந்தால் மூன்றுக்கு இரண்டு விலையில் கழியுங்கள். தலைமுறை மாறினால் லீக் சராசரி இல்லாமல் பேசவே வேண்டாம். வகுத்த விகிதம், கையில் கால்குலேட்டர் இல்லாத நேரத்துக்கு.

எந்த முறையை எடுத்தாலும் வாழ்நாளை ஒரு முறை நடுவில் வெட்டிப் பாருங்கள். ராண்டி ஜான்சன் 1990, 1991, 1992 மூன்று வருடமும் தன் லீக்கிலேயே அதிக வாக் கொடுத்தவர்: 120, 152, 144. ஆறடி பத்து அங்குல உயரம், பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. 1992-ல் எதிரணியில் இருந்த ரையனும் அவருடைய பயிற்சியாளர் டாம் ஹவுஸும் அவரை உட்கார வைத்து, முன்காலை ஊன்றும் விதத்தைத் திருத்தினார்கள். அந்த வருடம் வரை ஜான்சனின் கணக்கு 818 ஸ்ட்ரைக்அவுட், 519 வாக், விகிதம் 1.58. அதற்குப் பிறகு 4,057-க்கு 978, விகிதம் 4.15, அதாவது பெட்ரோவின் வாழ்நாள் விகிதமேதான். அட்டவணையில் இருக்கும் 3.26 இந்த இரண்டு ஆட்களையும் கலந்த சராசரி. அந்த எண்ணில் எறிந்த ஜான்சன் ஒருவர் அநேகமாக இருந்ததே இல்லை. வாக் கொடுப்பதில் உலக சாதனை வைத்திருப்பவர் இன்னொருவருக்கு வாக்கைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கும்.

உங்கள் கேள்வி டாம் கிளாவினைப் பற்றியது என்றால், மேலே சொன்ன எதுவும் உதவாது. 9 இன்னிங்ஸுக்கு வாக் தவிர எல்லாப் பத்தியிலும் கடைசி அல்லது அதற்கு முந்தைய இடம். ஆனால் 305 வெற்றி, 1991-லும் 1998-லும் லீக்கின் சிறந்த பிட்சர் விருது, 2014-ல் மேடக்ஸோடு ஒரே மேடையில் பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம். பேட்டர் முன்னால் இருக்கும் பிளேட்டின் வெளி ஓரத்தைவிட்டு உள்ளே வராமல், வாக் போனாலும் போகட்டும், நல்ல பந்து கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக எறிந்தவர். அவருக்கு வேறு கணக்கு வேண்டும். ஹோம் ரன்னிலிருந்து தொடங்குங்கள்.